ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிரைண்டர்

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். கிரைண்டரு டெமோ காட்ட வர்றதாப் போன் பண்ணுனது நீங்கதானுங்களே? உக்காருங்க. அவசரம் ஒண்ணுமில்ல. அரிசி ஊறிட்டுத்தான் இருக்குது, உளுந்தும் ஊறிட்டு இருக்குது. மரகதம், கம்பெனியில இருந்து அம்மிணி வந்துருச்சு பாரு, ஒரு காப்பி வையி.

அதா, அந்த மூலைல அட்டைப்பெட்டியோட நிக்குது பாருங்க. இன்னும் பிரிக்கல. டெமோ ஆளு வந்துதான் பிரிக்கோணும், நாமளாப் பிரிச்சா வாரண்டி கெடையாதுன்னு டீலர் சொல்லிட்டான். நான் சட்டத்தை மீறாத ஆளுங்க. மேல ஒரு துண்டைப் போத்தி, தூசி படாம வெச்சிருக்கறன். கார்த்திகை தீபத்தன்னிக்கி அதுக்கு முன்னாலயும் ஒரு விளக்கு வெச்சம்.

நீங்க அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீலக் கலர்ல ஒரு கேட்டு தெரியுதுங்களா? உங்க கம்பெனி ஃபேக்டரிதானுங்க. நீங்க ஏஜென்சி மூலமா வர்றவங்க, பாத்திருக்க மாட்டீங்க. இந்தக் கிரைண்டரு அங்கதான் பொறந்துச்சு. அதுக்கும் இந்த மூலைக்கும் நடுவுல ஒரு ரோடு, ஒரு சாக்கடை, கார்ப்பரேஷன் கொழாய் ஒண்ணு. அவ்வளவுதான். நான் மொட்டை மாடில நின்னு கல்லை வீசுனா அவங்க தகரக் கூரை மேல விழும். வீசற பழக்கமில்லீங்க. ஒரே ஒரு தடவதான்.

அங்கிருந்து இங்க வந்து சேர்றதுக்கு ஆவணியில இருந்து கார்த்திகை வரைக்கும் ஆச்சு. அது எப்படி ஆச்சுங்கறத நீங்க கேட்டுத்தான் ஆகோணும். போயி மேல இருக்கறவங்களுக்குச் சொல்லோணுமில்ல?

நானு டைம் கீப்பருங்க. பேரு சென்னியப்பன். சர்வீஸ் பூரா பஸ் ஸ்டாண்டுக் கூண்டுக்குள்ள உக்காந்து மைக்குல நேரம் சொன்னவன். நேரம்னா எனக்கு உசுரு. ஒரு வண்டி லேட்டா வந்துட்டா டிரைவர் கண்டக்டர் ரெண்டு பேரையும் கூண்டுக்கு முன்னால நிக்க வெச்சு, ஏன் லேட்டுன்னு கேப்பன். அரை மணி நேரம் நிக்க வெச்சுக் கேப்பன். அதுக்குள்ள பின்னால இருக்கற வண்டியும் லேட்டாயிரும். அவங்களையும் உடமாட்டன், வரிசையா நிக்க வெச்சுக் கேப்பன். அப்பேர்ப்பட்ட ஆளு நானு.

உள்ளிருந்து மரகதம் சிரிக்கறா பாருங்க, என்ற சம்சாரம். அவ அப்படித்தான்.

வைகாசில எங்க பொண்ணு பிருந்தாவுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தோட எங்க பழைய கிரைண்டரு மண்டையப் போட்டுருச்சு. மறுவீட்டுக்கு வந்த சம்பந்தியம்மா, சட்டுனு, "என்னங்க, உங்க ஊட்டுல கிரைண்டரு ஓடற சத்தமே கேக்கறதில்ல"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டாங்க. சாதாரணமாத்தான் கேட்டாங்கன்னு மரகதம் சொல்றா. எனக்கு அது சாதாரணமாப் படல. "தலைதீபாவளிக்கு வாங்க சம்பந்தி. எங்க ஊட்டுப் புதுக் கிரைண்டர்ல ஆட்டுன மாவுலதான் மாப்ளைக்கு இட்லி"ன்னு அத்தனை பேருக்கு முன்னால வாக்குக் குடுத்துட்டன்.

அதுக்கு நடுவுல மாவுக்கு என்ன பண்ணுனம்னு கேளுங்க. மரகதத்தோட அக்கா சம்பூர்ணம் அடுத்த வீதிலதான் இருக்கறா. அவ புருசன் தேவராஜ் எனக்குச் சகலை. நானும் அந்தாளும் பேசறதில்ல. ஒரு காதுகுத்துப் பந்தில, "வாங்க பஸ் ஸ்டாண்டு மைக்கு"ன்னு என்னையக் கூப்பிட்டான். பந்தியே சிரிச்சுது. அன்னிக்கி எலைய உட்டு எந்திரிச்சவன்தான். ஆனா மரகதம் ஊறப்போட்ட அரிசியை வாளில எடுத்துட்டு அவுங்க ஊட்டுக்கே போயி ஆட்டிட்டு வருவா. நான் ஒரே வார்த்தைல சொல்லிட்டன், அந்த ஊட்டு மாவு எனக்கு வேண்டாம்னு. அன்னியிலிருந்து எனக்குக் காலைல ரவா உப்புமா, பொழுது சாஞ்சா கோதும உப்புமா.

ஆவணில ஒரு நல்ல நாளாப் பாத்து ரோட்டைத் தாண்டி அந்த நீல கேட்டுக்குப் போனனுங்க. டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் ஒருத்தர், அந்தோணின்னு பேரு, நல்ல மனுசன். "அண்ணா, கேட்டுல நாங்க யாருக்கும் விக்கறதில்லீங்க. இந்த வீதி முக்குல எங்க டீலர் கடை இருக்குது, அங்க புக் பண்ணுங்க, வந்துரும்"னாரு. வீதி முக்குக்குப் போயி புக் பண்ணுனன். என்ன கலருன்னு கேட்டான். மரகதம் எப்பவோ, "பச்சைன்னா நல்லாத்தான் இருக்கும்"னு சொல்லியிருந்தா. பச்சைன்னு சொல்லிட்டன்.

என்ன மரகதம்? எந்தக் கலரா இருந்தாலும் சரின்னு சொன்னயா? அது உனக்கு இப்ப ஞாபகம் வருது. நீ காப்பியப் பாரு.

மறுவாரமே மொட்டை மாடில துணி காயப்போடப் போனவன் பாக்கறன், ஃபேக்டரி யார்டுல, தார்ப்பாய்க்குக் கீழ, செவப்புக் கிரைண்டரா அடுக்கி வெச்சிருக்கறதுக்கு நடுவுல ஒரே ஒரு பச்சை! நம்முளுது! கீழ ஓடி வந்து மரகதத்தைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனன். அவளும் பாத்தா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டே இருந்தம். பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரிக் கண்ணாடி வழியாப் பாத்தமே, அது மாதிரி இருந்துச்சுங்க.

பாத்ததுதான் மிச்சம். நாளைக்கு வரும், நாளன்னிக்கி வரும்னு பாத்தா அது எடத்தை உட்டு நகரல. அந்தோணிகிட்டப் போனன். "ரெடியாயிருச்சுங்களே, அப்புறம் ஏன் நிக்குது?"ன்னு கேட்டன். "அண்ணா, ஓட்டிப் பாத்து சீல் வெக்கோணும். சீல் வெக்கற இன்ஜினியருக்குக் கல்யாணம், லீவுல இருக்கறாரு"ன்னாரு. சரி, நல்ல காரியம். இன்ஜினியர் மாலையும் கழுத்துமா இருக்கறப்ப கிரைண்டருக்கு எப்படி சீல் வெப்பாரு? பொறுத்தன். அவரு வந்தாரு, சீல் வெச்சாரு. அப்பவும் நகரல. மறுபடி போனன். "அட்டைப்பெட்டி வரலீங்கண்ணா"ன்னாரு. அங்க பாத்தா அட்டைப்பெட்டி மலை மாதிரி குமிஞ்சு கெடக்குது! "இது என்னங்க?"ன்னன். "அது செவப்புக்கு. பெட்டி மேல படத்துல அந்தம்மா செவப்புக் கிரைண்டர்ல மாவு வழிக்குது பாருங்க. பச்சையக் கொண்டுபோயி இதுல போட்டா டீலர் திருப்பி அனுப்பிருவான். பச்சைப் பெட்டி சிவகாசில அச்சாகுது"ன்னாரு.

 தெனமும் சாயங்காலம் மாடில நாற்காலி போட்டு உக்காந்துக்குவன். மழை வந்தா தார்ப்பாய் ஒரு பக்கம் வெலகிரும், அது நனையும். இங்கிருந்தே கத்துவன், "யோவ் வாட்ச்மேன், பச்சை நனையுது!" வாட்ச்மேனுக்குக் காது கேக்காது. அன்னிக்கித்தானுங்க அந்தக் கல்லை வீசுனது.

சகலை ஒருநாள் மரகதத்துகிட்டச் சொல்லி அனுப்புனான், டவுன்ஹால் பக்கம் வேற கம்பெனி கிரைண்டரு பச்சையிலயே இருக்குதாம், காலைல போனா மத்தியானம் ஊட்டுல எறக்கிருவானாம்னு. நான் சொன்னன், மரகதம், கண்ணு முன்னால மழைல நனஞ்சுட்டு நிக்குது ஒண்ணு, அத உட்டுட்டு இன்னொண்ணு வாங்கறதுக்கு எனக்கு மனசு வராதுன்னு. அவ வாளியத் தூக்கிட்டுப் போயிட்டா.

புரட்டாசி முடியற சமயத்துல பெட்டி வந்துச்சு. பச்சையப் பெட்டிக்குள்ள போட்டாங்க. மாடில இருந்து நான் கை தட்டுனன். கையோட லாரியும் வந்து நின்னுச்சு. ஏத்துனாங்க. மொதல்ல ஏத்துனதே நம்முளுதுதான். எனக்கு ஒரே சந்தோசம். அப்புறந்தான் தெரிஞ்சுது, மொதல்ல ஏத்துனது உள்ளுக்குள்ள மூலைக்குப் போயிருமாம், எறக்கறப்போ கடைசில வருமாம். ஏத்திட்டு லாரி கெளம்பல. அரை லோடு இருக்குது, முழு லோடு சேர்ந்தாத்தான் கெளம்புமாம். அங்கயே நிக்குது. ஆயுதபூசைக்கு அந்த லாரிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் ஒடச்சு, பொரி குடுத்தாங்க. நானும் போயிப் பொரி வாங்கிட்டு வந்தன்.

தீபாவளி கிட்ட வந்துருச்சு. லோடு சேர்ந்துருச்சுன்னு அந்தோணி சொன்னாரு. "அப்ப நாளைக்குக் கடைக்கு வந்துருமுங்களா?"ன்னன். தலையச் சொறிஞ்சாரு. "அண்ணா, லாரி மெட்ராஸ் போகுதுங்க."

"மெட்ராஸ் எதுக்குங்க? கடை வீதி முக்குல இருக்குது."

"உங்க டீலரு ஈரோட்டு ஏஜென்சிக்குக் கீழ வர்றாரு. ஈரோட்டு ஏஜென்சிக்கு பில்லு மெட்ராஸ் குடோன்ல இருந்துதான் போடோணும். மெட்ராஸ் போயி, எறங்கி, பில்லாகி, ஈரோடு வந்து, ஈரோட்டுல இருந்து இங்க வந்துரும்."

நான் அப்படியே ரோட்டைப் பாத்தனுங்க. மரகதம் வாசல்ல நின்னு காகத்துக்குச் சோறு வெச்சுட்டு இருந்தா. அந்த லாரியோட டெயில் பலகையும் தெரியுது, என்ற ஊட்டு வாசப்படியும் தெரியுது. "அந்தோணி, நான் உங்க காலப் புடிச்சுக்கறன், இங்கயே எறக்கி உட்டுருங்க"ன்னன். அவரு பாவம், என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. "அண்ணா, கம்ப்யூட்டர்ல இது இன்னும் கிரைண்டரே ஆகல. மெட்ராஸ்ல இன்வர்டு போட்டு வரவுல ஏத்துனாத்தான் கிரைண்டரு. அது வரைக்கும் நான் எதைன்னு எடுத்து உங்களுக்குக் குடுப்பன்?"

அன்னிக்கி நான் முடிவு பண்ணுனன். இதைத் தனியா அனுப்பக் கூடாது. கூட ஆளு போனாத்தான் வேலை நடக்கும். பஸ் ஸ்டாண்டுல எத்தனை வருசம் பாத்திருக்கறன், கூண்டுல ஆளு இல்லீனா எந்த வண்டி நேரத்துக்குப் போவுது?

லாரி டிரைவர் தர்மபுரிக்காரரு, மாதப்பன்னு பேரு. கிளீனர் இல்லாம தனியா ஓட்டறவரு. பேச்சுத்துணைக்கு ஆளு கெடச்சாச் சரின்னு ஒத்துக்கிட்டாரு. மெயின் ரோட்டுத் திருப்பத்துல ஏறிக்கச் சொன்னாரு. ஊட்டுக்கு வந்து தோள்பையில ரெண்டு வேட்டி வெச்சன். மரகதம் கேட்டா, "ஏனுங்க, தீபாவளிக்குள்ள வந்துருவீங்களா?" "கிரைண்டரோட வருவன்"னு சொன்னன். "கிரைண்டரு இல்லீனாலும் வந்துருங்க"ன்னு சொன்னா. நான் அதக் காதுல போட்டுக்கல. எனக்கு லாரி கெளம்பற அவசரம்.

பெருந்துறை தாண்டறப்போ பொழுது நல்லா வெளிச்சமா இருந்துச்சுங்க. பைபாஸ் ஓரத்துல பெரிய போர்டு, உங்க கம்பெனிப் பேரு போட்டு, 'ஈரோடு மாவட்ட ஏஜென்சி குடோன்'னு. நான் கத்திட்டன். "மாதப்பா, நிறுத்து! இங்கதான எறங்கோணும்!" அவரு ஸ்டியரிங்கை உடாம சிரிச்சாரு. "ங்ணா, மூணு வருசமா நானும் இந்த போர்டைப் பாத்துட்டுத்தான் போறன். ஒரு தடவை ஆர்வக் கோளாறுல நிறுத்திக் கேட்டுட்டன். அந்தக் குடோன் மேனேஜர் பயந்து போயி கேட்டைச் சாத்திட்டாரு. பில்லு இல்லாத சரக்கு பக்கத்துல நின்னாலே வில்லங்கமாம்." போர்டு பின்னால போயிருச்சு. நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தன்.

மெட்ராஸ் போயிச் சேந்தா, குடோன் ஊருக்கு வெளிய எங்கியோ செங்குன்றம் பக்கத்துல. நாங்க போறப்பவே லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. தீபாவளி சரக்கு எல்லாம். ஃபேனு, மிக்சி, குக்கரு, எல்லாம் தீபாவளிக்கு முன்னால கடைக்குப் போயிச் சேரோணும்னு அடிச்சுப் புடிச்சு அனுப்பி, அத்தனையும் ஒரே நேரத்துல வந்து நின்னா எறக்கறதுக்கு ஆளு எங்க? நான் எறங்கிப் போயி வரிசைய ஒழுங்கு பண்ணுனன். யாரு எப்ப வந்தான்னு கேட்டுக் கேட்டு, பின்னால வந்தவன முன்னால உடாம, முன்னால நின்னவனையும் ஏன் முன்னால நிக்கறன்னு வெசாரிச்சு, ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லாம பண்ணுனன். அன்னிக்கி ஒரு லாரியும் எறங்கல. ஆனா வரிசை அத்தனை அழகா இருந்துச்சுங்க.

நாங்க கேட்டுக்குப் பக்கத்துல வர்றதுக்கும், எறக்கற ஆளுக எல்லாம் தீபாவளிக்கு ஊருக்குக் கெளம்பறதுக்கும் சரியா இருந்துச்சு. வடக்க இருந்து வந்து வேலை செய்யற பசங்க அவுங்க. அவுங்களுக்கும் பண்டிகை. எல்லாம் பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. குடோன் ஷட்டரை இழுத்து உட்டுட்டு மேனேஜரும் போயிட்டாரு.

நான் மாதப்பனப் பாத்தன். மாதப்பன் என்னயப் பாத்தாரு. "ங்ணா, நீங்க பஸ் ஏறிப் போயிருங்க. நான் பாத்துக்கறன். உங்க கிரைண்டரு உள்ள பத்திரமா இருக்குது"ன்னு சொன்னாரு. பஸ்ஸு கெடைக்குமுங்க. நானே நேரம் போட்டு அனுப்புன ரூட்டுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க அம்மிணி, வாக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட போயி மாப்ளை முன்னால நிக்கறதா? கிரைண்டரு இங்க, நான் அங்கயா? போகலீங்க.

தீபாவளி அன்னிக்கி வெடியக்காலம் சுத்தியும் வெடிச் சத்தம். நாங்க ரெண்டு பேரும் லாரிக்கு முன்னால ஒரு வாளித் தண்ணில தலைக்கு ஊத்திட்டு, டீக்கடையில இட்லி தின்னம். பரவாயில்லாம இருந்துச்சு. அப்பத்தான் மரகதம் போன் பண்ணுனா.

"பீரோச் சாவி எங்கீங்க?"

அரைஞாண் கயித்துல தடவிப் பாத்தன். இருக்குது. மாப்ளைக்கு வாங்குன வேட்டி சட்டை, மோதரம், பொண்ணுக்குச் சேலை, எல்லாம் பீரோவுக்குள்ள. சாவி செங்குன்றத்துல.

"இங்க பத்திரமா இருக்குது, பயப்படாத"ன்னன்.

அவ யாருகிட்டயோ, "சாவி அங்கதான் இருக்குதாம்"னு சொல்றது கேட்டுச்சு. அப்புறம் சொன்னா, "சரி உடுங்க. தேவராஜ் மாமா ஒரு துணிக்கடையத் தொறக்கச் சொல்லி வேட்டி சட்டை எடுத்துட்டு வந்துட்டாரு. மாப்ளைக்கு அவருதான் எண்ணெய் வெச்சாரு. அவரு மோதரத்தையே கழட்டிப் போட்டு உட்டுட்டாரு. அக்கா ஊட்டுலதான் எல்லாரும் இருக்கறம். எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்க."

அந்தாளு எண்ணெய் வெச்சிருக்கறான். என்ற மாப்ளை தலைல. என்ற பொண்ணு போனை வாங்குனா. "அப்பா, சாப்பிட்டியா?"ன்னா. "ஆச்சு சாமி"ன்னன். அழுதுட்டா. எதுக்கு அழுகறயின்னு கேட்டன், ஒண்ணுமில்லப்பா, வெடிப் புகைன்னா. மாப்ளை வாங்கி, "மாமா, நீங்க வெசனப்படாதீங்க, நாங்க நல்லா இருக்கறம், இட்லி ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னாரு. அவரு நல்ல மனசுல சொன்னாரு. எந்த மாவுன்னு நான் கேக்கல.

போனை வெச்சுட்டு லாரிப் படிக்கட்டுல உக்காந்தன். நல்லபடியா நடந்துச்சுன்னு சொன்னா பாருங்க, அது ஒண்ணுதான். நடக்கலீன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்திருக்கும். மாதப்பனும் அவுங்க ஊட்டுக்குப் பேசிட்டு வந்தாரு. அவரோட கொழந்தை போன்ல புஸ்வாணம் சத்தத்த வாயில பண்ணிக் காட்டுச்சாம். என்ற பக்கத்துல வந்து உக்காந்து ஒரு பீடி பத்த வெச்சாரு.  லாரிக்குள்ள கிரைண்டருக நின்னுச்சு, வெளிய நாங்க நின்னம்.

தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் போல ஆச்சுங்க எறக்கற பசங்க திரும்பி வர. வந்தாங்க. எறக்குனாங்க. சொன்ன மாதிரியே நம்முளுது கடைசி. கீழ எறக்கி வெச்சு, ஒரு தம்பி வந்து கையில இருந்த மெசினைப் பெட்டி மேல காட்டுச்சு. டிக்குன்னு ஒரு சத்தம். "கிரைண்டர் ஆயிருச்சு"ன்னு மாதப்பன் என்ற காதுல சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. அடுத்த தம்பி வந்து இன்னொரு டிக்கு. பில்லு. ஈரோட்டுக்கு எந்த லாரி போகுதுன்னு மேனேஜர் கேட்டாரு. அங்க சும்மா நின்னது ஒரே லாரி. மாதப்பன் லாரி. எறக்குன அதே பசங்க, அதே பெட்டிய, அதே லாரில, அதே எடத்துல ஏத்துனாங்க. அந்த ரெண்டு டிக்குக்குத்தானுங்க நாங்க மெட்ராஸ் போனது.

இந்தத் தடவை பெருந்துறை போர்டு முன்னால நின்னம். மேனேஜர் கேட்டைத் தொறந்து, சிரிச்ச முகமா வாங்கன்னாரு. நான் "இப்பவாச்சும் எடுத்துட்டுப் போலாமுங்களா?"ன்னன். "பச்சைக்கு ஒரு ஹாட் பாக்ஸ் ஃப்ரீ. ஹாட் பாக்ஸ் வந்தாத்தான் அனுப்ப முடியும்"னாரு. ஹாட் பாக்ஸ் எங்கன்னு கேட்டா அது பாண்டிச்சேரில இருந்து வரோணுமாம். எனக்கு ஹாட் பாக்ஸ் வேண்டாமுங்கன்னன். "உங்களுக்கு வேண்டாம்னா கூட நாங்க குடுத்தாகோணும், பெட்டி மேல ஸ்டிக்கர் இருக்குதே"ன்னாரு. தீபாவளி ஆஃபர்னு ஸ்டிக்கர். தீபாவளி போயிருச்சுங்கன்னன். அவரு ரோசனை பண்ணிட்டு, "அதுவும் சரிதான். அப்ப ஆஃபர் முடிஞ்சுது, ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு அனுப்பலாம். ஆனா கிழிக்கறதுக்கு மெட்ராஸ்ல பர்மிசன் கேக்கோணும்"னாரு. பர்மிசன் வர்ற வரைக்கும் அங்கயே குடோன் திண்ணை மேல படுத்துக்கிட்டன். மாதப்பன் வேற லோடுக்குப் போகோணும், கெளம்பறப்போ என்னயக் கட்டிப் புடிச்சுட்டு, "ங்ணா, நம்ம கிரைண்டர் ஓடறப்போ ஒரு போன் போட்டு சத்தத்த மட்டும் கேக்க உடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

ஒரு வழியா வீதி முக்குக் கடைக்கு வந்து சேந்துச்சு. டீலரு கையோட அனுப்பறன்னான். நாந்தான் வேண்டாம்னன். பின்ன என்னங்க, அன்னிக்கி அஷ்டமி. மறுநாள் நவமி. அதுக்கு மறுநாள் காலைல ராகு காலம், மத்தியானம் குளிகை. இவ்வளவு தூரம் பத்திரமாக் கொண்டாந்துட்டு நேரங் கெட்ட நேரத்துல ஊட்டுக்குள்ள ஏத்த முடியுங்களா? நல்ல நாள் பாத்து, நல்ல ஹோரை பாத்து, வெள்ளிக்கெழம ஆட்டோவுல வந்துச்சு. வீதியே வாசல்ல வந்து நின்னுச்சு.

மரகதம் கிரைண்டரப் பாக்கல. என்னயத்தான் பாத்தா. தாடியும் அழுக்கு வேட்டியுமா நின்னன். "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லி மணைய எடுத்துப் போட்டா. எண்ணெயக் காய்ச்சி எடுத்துட்டு வந்து தலைல வெச்சுத் தேச்சா.  நான் குளிச்சுட்டு வந்து பாத்தா புது வேட்டி எடுத்து வெச்சிருந்தா. சாவிய எங்கிட்ட வாங்கி, பீரோவத் தொறந்து, அந்த மோதரத்தக் கையில வெச்சுட்டு கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் அதத் திரும்ப உள்ளயே வெச்சுப் பூட்டி, சாவிய அவ முந்தானைல முடிஞ்சுக்கிட்டா. சாவி இப்பவும் அவகிட்டத்தான்.

சரிங்க அம்மிணி, காப்பி குடிச்சாச்சுல்ல? ஆரம்பிங்க. நீங்களே பிரிங்க. மெதுவா, அந்தப் பக்கம்... ஆகா. மரகதம், வந்து பாரு! மாடில இருந்து பாத்ததுக்கு இது இன்னும் நல்ல பச்சை. மாதப்பனுக்குப் போனைப் போடறன் இருங்க. ஹலோ, மாதப்பா, அப்படியே காதுல வெய்யி. போடுங்க அம்மிணி சுச்சி!

ஊம்முங்குது.

இன்னொருக்காப் போடுங்க. ஊம்முன்னு சத்தம் வருது, கல்லு சுத்தலீங்களே? இல்ல மாதப்பா, இது அது இல்ல, நீ அப்புறமாப் பேசு.

என்ன அம்மிணி? மோட்டாருங்களா? தண்ணி எறங்கிருச்சுங்களா? மாத்தோணுமா? அதுக்கென்னங்க! நீங்க ஒரு பக்கம் புடிங்க, நான் ஒரு பக்கம் புடிக்கறன். ரோட்டைத் தாண்டுனா கேட்டு. அந்தோணி இருப்பாரு. அஞ்சு நிமிசத்துல...

ஏன் தலைய ஆட்டறீங்க?

கேட்டுல வாங்கறதில்லியா. சரி. டீலர் கடைல குடுக்கோணும். சரி. அங்கிருந்து ஈரோடு. ஈரோட்டுல இருந்து மெட்ராஸ். மெட்ராஸ்ல ரிட்டர்னு இன்வர்டு போட்டு, ஒரு டிக்கு. அங்கிருந்து லாரில... எதுத்தாப்புல. மோட்டாரை மாத்தி, மறுபடியும்...

கொஞ்சம் தண்ணி குடுங்க.

இல்லீங்க, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க சின்னப் பொண்ணு, நீங்க என்ன பண்ணுவீங்க. லாரி என்னிக்கிக் கெளம்பும்? அத மட்டும் சொல்லுங்க. போன தடவை தனியா அனுப்பியிருந்தா இதுவரைக்குங்கூட வந்திருக்காது. கூட நான் போனதுனாலதான் வந்துச்சு. மரகதம், அந்தத் தோள்பைய எடு.

எதுக்கு ரெண்டு பைய எடுக்கற?

என்னது?

கேட்டீங்களா அம்மிணி, அவளும் வர்றாளாம். கல்யாணமாகி வந்ததுல இருந்து மெட்ராஸ் பாத்ததே இல்லியாம். கடல் பாக்கோணுமாம். லாரில முன்னால மூணு பேரு தாராளமா உக்காரலாம்னு மாதப்பனையே போன்ல கேட்டுட்டாளாம், எப்பக் கேட்டான்னே எனக்குத் தெரியல. அட, ஊறப்போட்ட அரிசி என்ன ஆகறது? அக்கா ஊட்டுல குடுத்துட்டு வந்தர்றாளாம்.

உங்களத்தான் ஏதோ கேக்கறா பாருங்க. சத்தமாக் கேளு மரகதம், அம்மிணிக்குப் புரியல.

"மெட்ராஸ்ல உடனே எறக்கிர மாட்டாங்கல்லங்க? ஒரு வாரமாச்சும் நிக்குமில்ல?"ன்னு கேக்கறா. நிக்கும்னு சொல்லுங்க அம்மிணி, சேலை எடுத்து வெக்கறா.